கிடங்கில் எலிப்புழுக்கை: கூட்டுவதற்கு முன் ஒரு கேள்வி (ஹன்டா வைரஸ்)

மளிகைக்கிடங்கு:
தேக்கா பக்கம் ஒரு பழைய கடைவீடு. பின்கட்டுக் கிடங்கு மூன்று மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. அலமாரிக்கு அடியிலும் மூட்டைகளுக்கு இடையிலும் எலிப்புழுக்கை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் துப்புரவு செய்ய வருகிறார்கள். எலியிடமிருந்து மனிதருக்குத் தொற்றிக் காய்ச்சலும் சிறுநீரகப் பாதிப்பும் தரும் ஹன்டா வைரஸ் சிங்கப்பூர் எலிகளிலும் உண்டா? பிளீச் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு? பிறகு யாருக்காவது காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

ஈரத்துணி:
முதலில் துடைப்பத்தைத் தூர வையுங்கள். வேக்குவமும் கூடாது. காய்ந்த சிறுநீரும் புழுக்கையும் தூளாகி மூச்சோடு உள்ளே போவதுதான் ஹன்டா தொற்றும் முக்கிய வழி. கூட்டினால் அந்தத் தூளை நாமே கிளப்பி விடுகிறோம்.

கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு 30 நிமிடம் வெளியே நில்லுங்கள். ஃபேன், ஏர்கான் இரண்டையும் நிறுத்திவிட வேண்டும். காற்று வீசினால் தூசி பறக்கும். ரப்பர் கையுறை, முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்தும் என்95 முகக்கவசம். துணி முகக்கவசம் இதற்குப் போதாது.

வீட்டு பிளீச் 100 மில்லி, தண்ணீர் 900 மில்லி. அன்றன்றைக்குக் கலந்து அன்றே தீர்க்க வேண்டும். பல மாதமாகத் திறந்து கிடந்த பாட்டிலில் வீரியம் குறைந்திருக்கும், புதிது வாங்குங்கள். கழிவறை கழுவும் அமிலத்தையோ அம்மோனியா உள்ள திரவத்தையோ இதோடு சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும். மூடிய கிடங்கில் அது எலியைவிட உடனடி ஆபத்து.

நிறையப் பேர் தவறு செய்வது தெளிக்கும்போதுதான். ஸ்ப்ரேயை அழுத்தமாக அடித்தால் புழுக்கை சிதறும். பெரிய துளியாக, மெதுவாக, சொட்டச் சொட்ட நனையும்வரை தெளித்து 5 நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு டிஷ்யூ தாளால் அள்ளி, பையில் கட்டி, அதை இன்னொரு பைக்குள் வைத்துக் கட்டுங்கள். அதன்பின் தரை முழுவதையும் அதே கரைசலால் மாப் போடலாம். கையுறையைக் கழற்றுமுன் கையுறையோடு கழுவ வேண்டும், கழற்றியபின் வெறுங்கையை சோப்பால் கழுவ வேண்டும்.

பெருக்கான்:
சிங்கப்பூர் எலிகளில் உண்டு. இங்கே பிடித்த சாக்கடை எலியில் ஹன்டா வகைகளில் ஒன்றான சியோல் வைரஸும், கூரையில் ஓடும் ஆசிய வீட்டெலியில் ஜூரோங் என்று பெயரிட்ட இன்னொரு வகையும் கண்டறியப்பட்டு 2010இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. பீதியடைய வேண்டியதில்லை, ஆனால் 'அதெல்லாம் கொரியா நோய்' என்று ஒதுக்கவும் முடியாது. கொரியப் போரில் சுமார் 3,000 ஐ.நா. படையினரைப் படுக்கவைத்த காய்ச்சலுக்குக் காரணமான ஹன்டான் வைரஸ் வயலெலியிலிருந்து வருவது. அங்குள்ள ஓர் ஆற்றின் பெயர் அதற்கு. சியோல் வைரஸ் அதன் உறவு, ஆனால் கப்பலேறி உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் போன நகரத்து எலியோடு போய்விட்டது.

எலிக்கு இதனால் நோய் வராது. ஒருமுறை தொற்றினால் பல காலம் சிறுநீர், எச்சில், புழுக்கை எல்லாவற்றிலும் வைரஸை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். பார்வைக்குக் கொழுத்த, ஆரோக்கியமான எலியாக இருப்பதால் எதுவும் நிரூபணமாகாது.

பொறி வைப்பதாக இருந்தால் பசை அட்டை வேண்டாம். ஒட்டிக்கொண்ட எலி பயத்தில் அங்கேயே சிறுநீர் கழிக்கும், நாம் தவிர்க்க நினைப்பதே அதுதான். அடித்துக் கொல்லும் பொறிதான் நல்லது. செத்த எலியையும் கரைசலில் நனைத்த பிறகே தொடுங்கள்.

மூஞ்சூறு பற்றியும் ஒரு வார்த்தை. அதுவும் கிடங்குக்கு வரும், கஸ்தூரி போன்ற நாற்றம் காட்டிக்கொடுக்கும். 1964இல் வேலூரில் ஒரு மூஞ்சூறிலிருந்துதான் தோட்டப்பாளையம் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. ஹன்டா குடும்பத்தில் ஒன்றுக்கு நம் ஊர்ப் பெயர்! அது மனிதருக்கு நோய் தருவதாகத் தெரியவரவில்லை. மூஞ்சூறு எலி இனமும் அல்ல.

வார்டு_7:
காய்ச்சல் கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலும் 1 முதல் 2 வாரத்தில் தொடங்கும், அரிதாக 8 வாரம்வரை போகும். அதனால் வேலை செய்த தேதியைக் குறித்து வையுங்கள்.

இங்கே காய்ச்சலும் குறைந்த தட்டணுவும் பார்த்தால் எவருக்கும் முதலில் டெங்கிதான் தோன்றும், அது சரிதான். டெங்கி பரிசோதனையில் ஒன்றும் இல்லை, ஆனால் முதுகும் இடுப்பும் வலிக்கிறது, சிறுநீர் குறைகிறது என்றால், "எலி இருந்த கிடங்கை இந்தத் தேதியில் சுத்தம் செய்தேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் ஹன்டாவை யாரும் தேடமாட்டார்கள். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் இரண்டையும் பார்த்தால் சிறுநீரகம் தாக்கப்பட்டிருக்கிறதா என்று தெரியும். உறுதிசெய்ய ஐஜிஎம் எதிர்ப்பொருள் சோதனை.

அதே வாக்கியம் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சலையும் நினைவூட்டும். இந்த ஊரில் எலிச் சிறுநீரால் வரக்கூடியவற்றில் நான் அதிகம் கவலைப்படுவது அதற்குத்தான். கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி, பிறகு மஞ்சள் காமாலை என்று போகும். ஆனால் அது பாக்டீரியா, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்குக் கேட்கும். சியோல் வைரஸை நேரடியாகத் தீர்க்கும் மருந்து கையில் இல்லை. நீர்ச்சத்து அளவைக் கவனமாகப் பேணி, தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்து தாண்டவைக்கிறார்கள். இறப்பு சுமார் 1%தான். ஹன்டானில் 5 முதல் 15%வரை. எது என்று தெரியும்வரை ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம். பாராசிட்டமால் போதும்.

மளிகைக்கிடங்கு:
நன்றி. சாக்கு மூட்டையையும் அட்டைப்பெட்டியையும் பிளீச்சில் நனைக்க முடியாதே, என்ன செய்வது? அலமாரி இரும்பு.

ஈரத்துணி:
கடித்த, கறைபட்ட சாக்கை உள்ளே இருக்கும் பருப்போடு சேர்த்து எறியுங்கள். சலித்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், சலிப்பதும் தூசிதான். தகர டின்னைக் கரைசலால் துடைத்தால் போதும். கணக்குப் புத்தகம் போல எறிய முடியாததை நேர் வெயிலில் பல மணி நேரம் வையுங்கள். நிழலில் ஓரிரு நாள் வைத்தால் போதாது: ஐரோப்பாவில் பூமாலா என்ற உறவு வைரஸை வைத்துச் சோதித்தபோது, எலிப்படுக்கையில் அறை வெப்பத்தில் அது 12 முதல் 15 நாள்வரை தொற்றும் நிலையில் இருந்தது.

இரும்பில் பிளீச்சை 10 நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள், துரு பிடிக்கும். தண்ணீரால் கழுவித் துடையுங்கள்.

பெருக்கான்:
ஓட்டையை அடைக்காமல் விட்டால் அடுத்த மாதமும் இதே வேலைதான். 12 மில்லிமீட்டர் இடைவெளி எலிக்குப் போதும், சுண்டெலிக்கு 6. பின்சந்துப் பக்கக் குழாய் நுழையும் இடம், கதவின் அடி இரண்டையும் பாருங்கள். இரும்பு நார் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள்; வெறும் நுரையை ஒரே இரவில் கடித்துவிடும். சந்தில் வளை தெரிந்தால் படம் எடுத்து, சிங்கப்பூரில் பொது இடப் புகார்களுக்கான ஒன்சர்விஸ் செயலியில் போடுங்கள்.