பகடை உருட்டி ஆடும் மாயாஜாலக் கதை: தோற்றால் அழுகிறாள், விதியை எப்படி மாற்றுவது?

காகிதக்கப்பல்:
நான் கதை சொல்ல, 7 வயது மகள் நாயகியாக முடிவெடுத்து, பகடை உருட்டி நகரும் விளையாட்டு. ஒரு பகடை, 4, 5, 6 விழுந்தால் வெற்றி. தொடர்ந்து இரண்டு முறை தோற்றாலே அழுகைதான். என்ன மாற்றலாம்? வரைபடம் அவசியமா?

ஏழாம்வாசல்:
உங்கள் விதியில் பாதிக்குப் பாதி தோல்வி. எந்த இரண்டு உருட்டலை எடுத்தாலும், இரண்டுமே தோற்க நாலில் ஒரு வாய்ப்பு. அழாமல் என்ன செய்வாள்!

இரண்டு பகடையை உருட்டிக் கூட்டுங்கள். 10, 11, 12 வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஒரு சிக்கலும் சேர்ந்து வரும். 6 அல்லது குறைந்தால் நடக்காது. மொத்தம் 36 சேர்க்கைகளில் இவை முறையே 6, 15, 15. நாயகிக்குக் கைவந்த ஒரு வித்தைக்கு (மரம் ஏறுவது, மிருகங்களோடு பேசுவது) 2 கூட்டிக்கொள்ளலாம். அப்போது தோல்வி 36இல் 6தான்.

இதைவிட முக்கியம், தோல்வியைச் சொல்லும் விதம். பூட்டைத் திறக்க உருட்டினாள், 5 விழுந்தது. "திறக்கல" என்றால் கதை அங்கேயே படுத்துவிடும். "சாவி உடைஞ்சிடுச்சு. அந்தச் சத்தத்துல உள்ளேயிருந்து யாரோ மெழுகுவர்த்தியோட வர்றாங்க" என்று சொல்லிப் பாருங்கள். தோற்றாலும் கதவு திறக்கும்.

"இடமா, வலமா?" என்றும் கேட்காதீர்கள், அது குருட்டுத் தேர்வு. இடப்பக்கம் தவளைச் சத்தம், வலப்பக்கம் புகை வாசனை என்றால்தான் யோசிக்க ஏதாவது இருக்கும்.

மைக்கூடு:
வரைபடம் இருந்தால் நல்லது. ஏ4 தாளில் ஐந்தாறு இடம் போதும். போகாத இடங்களை ஒட்டுத்தாளால் மூடி வையுங்கள், உரிக்கும்போது வரும் பரபரப்பே தனி.

பழைய தாள் போலத் தெரிய, கால் டம்ளர் வெந்நீரில் இரண்டு தேயிலைப் பை போட்டுக் கறுப்பாக இறக்கி, ஆறியதும் தூரிகையால் பூசுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே வரையணும். ஸ்கெட்ச் பேனாவால் முதலில் வரைந்துவிட்டுப் பூசினால் மை கலங்கிவிடும். காய்ந்த தாள் சுருளும். கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தால் சரியாகும். ஓரத்தை நெருப்பில் கருக்கும் வேலை வேண்டவே வேண்டாம், கையால் கிழித்தாலே போதும்.

ரகசியக் குறிப்புக்கு வெள்ளை மெழுகுக் கிரேயானால் எழுதி, மேலே நீர்வண்ணம் பூசச் சொல்லுங்கள். மெழுகில் வண்ணம் ஒட்டாது, எழுத்து வெள்ளையாகத் தெரியும். அழுத்தி எழுதணும், லேசாக எழுதினால் பாதி எழுத்து காணாமல் போகும்.

இரவுவிளக்கு:
மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் ஒவ்வொரு செயலுக்கும் உருட்டாதீர்கள். 20 நிமிட ஆட்டத்துக்கு நாலைந்து உருட்டல் தாராளம். ஏணியில் ஏறுவதற்கெல்லாம் பகடை எதற்கு? தூங்கும் முன் ஆடுவதாக இருந்தால் அரக்கன் வரும் இடத்தில் நிறுத்தாதீர்கள். பெட்டி கிடைத்துவிட்டது, உள்ளே என்ன என்று நாளைக்கு, என்ற மாதிரி நிறுத்தினால் பயம் இருக்காது, ஆவல் இருக்கும்.

காகிதக்கப்பல்:
நன்றி. இன்னொன்று: எதற்கெடுத்தாலும் "நான் பறந்துடுவேன்" என்கிறாள்.

ஏழாம்வாசல்:
பறக்கட்டும். ஆட்டத் தொடக்கத்தில் மூன்று சட்டைப் பொத்தான் கொடுத்துவிடுங்கள். ஒரு தடவை பறந்தால் ஒரு பொத்தான் உங்களிடம் வரணும். கையில் கடைசிப் பொத்தான் இருக்கும்போது எவ்வளவு நேரம் யோசிக்கிறாள் என்று பாருங்கள்.