ஆசனம் செய்தபோது உங்கள் உடம்பில் உண்மையாக என்ன மாறியது? திருகோணமலைக்காரர்கள் எழுதுங்கள்

உப்புவெளிக்காரன்:
யோகா என்றாலே நூறு வருத்தம் தீரும் என்ற பட்டியல்தான் எங்கும் ஓடுகிறது. அது எனக்கு வேண்டாம். நீங்களே செய்து பார்த்ததில் உடம்பிலோ மனதிலோ எது மாறியது, எது மாறவில்லை, எது கெட்டுப்போனது என்று எழுதுங்கள்.

முதலில் என்னுடையது. நாள் முழுக்கக் கதிரையில் இருந்து செய்யும் வேலை. நாரிநோ, அதாவது கீழ்முதுகு வலி வந்து, குனிந்து சப்பாத்துப் போட முடியாத நிலை. பெல்ட், எண்ணெய், மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் ஒரு டொக்டர், "அசையாமல் இருக்கிறதுதான் உங்கட பிரச்சினை, ஏதாவது செய்யுங்கோ" என்றார். 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டலிலும், நாட்பட்ட நாரிநோவுக்கு மாத்திரைக்கு முன் முயலவேண்டியவற்றில் உடற்பயிற்சியோடு யோகாவும் இருக்கிறது. நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பூனைபோல் முதுகை வளைக்கும் மார்ஜரி ஆசனம், குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனம், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனம், அவ்வளவுதான். நோ முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் குனிந்தால் பிடித்துவிடுமோ என்ற பயம் போனது. பயம் போனதும் நடை மாறியது, நித்திரையும் வந்தது.

கரைவலை:
அண்ணை, உங்களுக்குக் கதிரை, எங்களுக்குக் கயிறு. திருக்கடலூர்ப் பக்கம் வலை இழுக்கிறவர்களின் தோளைப் பார்த்தால் நல்ல உறுதிதான், தொடையின் பின்பக்கம் மட்டும் வளையாது. நிலாவெளியில் ஒரு வகுப்புக்குச் சும்மா போய்ப் பார்த்தேன். காலை நீட்டி இருந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் என் கை முழங்காலைத் தாண்டவில்லை. பக்கத்தில் இருந்த வெளிநாட்டுப் பிள்ளை நெற்றியையே முழங்காலில் வைத்திருந்தது! எனக்கு உதவியது சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுக்கும் விபரீதகரணிதான். மணலில் நின்று இழுத்த நாளில் வருகிற கால் வீக்கம் அதோடு இறங்கும். மற்றதெல்லாம் எனக்கு வேண்டாம்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், மன்னிக்கவும். ஒரு வகுப்பில், சிரசாசனம் ஆசனங்களின் அரசன், எல்லோரும் செய்தே ஆகவேண்டும் என்று நின்றார்கள். எனக்குக் கண் அழுத்தம், அதாவது குளுக்கோமா. இரவில் சொட்டு மருந்து விடுகிறேன். சேரும்போது யாரும் வருத்தம் ஏதும் உண்டா என்று கேட்கவில்லை. சுவரோடு சாய்த்துத் தலைகீழாக நிறுத்தினார்கள். இறங்கிய பிறகும் கண்ணுக்குப் பின்னால் ஒரு பாரம்.

கண் டொக்டர் கேட்டதும் முதல் வேலையாக அதை நிறுத்தச் சொன்னார். சென்னையில் சிரசாசனம் பழகியவர்களை வைத்தே அளந்திருக்கிறார்கள். 2006-இல் வெளியான அந்த ஆய்வில், தலைகீழாக நிற்கும் நேரத்தில் கண் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. நல்ல கண் அதைத் தாங்கிக்கொள்ளும். நரம்பு ஏற்கெனவே பழுதான கண்ணை வைத்துக்கொண்டு எதற்கு இந்த விளையாட்டு? தலை நெஞ்சுக்குக் கீழே போகிற எதையும் இப்போது நான் செய்வதில்லை.

செய்வது நிமிர்ந்து நிற்கும் தாடாசனமும், ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனமும். ஜன்னல் கம்பியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு நிற்பேன். கண்ணை மூடினால் உடனே ஆடும். நிலையாக நிற்க உடம்புக்குக் கண், உட்காது, பாதம் மூன்றும் செய்தி அனுப்பவேண்டும் என்று வகுப்பில் நானே படிப்பித்திருக்கிறேன், உடம்பால் விளங்கியது இப்போதுதான். படியில் இறங்கும்போது கைப்பிடியைத் தேடுவது குறைந்திருக்கிறது. இந்த வயதில் விழாமல் இருப்பதே பெரிய பலன்.

மூன்றாம் தந்திரம்:
எல்லோரும் தசை, நரம்பு என்றே எழுதுகிறீர்கள். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தை எட்டு உறுப்பாகச் சொல்கிறார். இயமம், நியமம் என்ற ஒழுக்கங்களுக்கு அடுத்துத்தான் ஆசனம், அதற்குப் பிறகு பிராணாயாமம். ஆசனம் என்பது மூச்சுக்குப் போடுகிற இருக்கை, நாரிநோவுக்குப் பூசுகிற தைலம் இல்லை. விடியப்புறம் கோணேசர் கோயிலுக்குப் போய்வந்து பத்மாசனத்தில் இருப்பேன். மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி முடிந்ததும் விரல் நுனி, உதடு எல்லாம் மின்சாரம் ஓடும். மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடிசுத்தியை மெல்லச் செய்தால் முதுகுத்தண்டின் அடியிலிருந்து ஒரு சூடு ஏறும். இதைச் சக்தி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

பிசியோ பிள்ளை:
ஐயா, நீங்கள் உணர்ந்தது பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விரலும் உதடும் விறுவிறுப்பதற்கு விளக்கம் இருக்கிறது. வேகமாக மூச்சை வெளியே தள்ளும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது. இரத்தத்தின் காரத்தன்மை கூடி, சுயாதீனக் கல்சியம் குறைந்து, நரம்புகள் எளிதில் தூண்டப்படுகின்றன. பயந்துபோய் மேல்மூச்சு வாங்குகிறவர்களுக்கும் இதே இடங்கள்தான் விறுவிறுக்கும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கோ.

மெதுவான மூச்சின் கதை வேறு. உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகும், விடும்போது தணியும். நிமிடத்துக்கு ஆறு மூச்சளவுக்கு இறக்கினால் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகக் கூடும். மனம் அடங்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்று, முழங்காலை மடித்துக் குதிகாலில் இருக்கும் வஜ்ராசனத்தில் கால் விறைத்தால் அதைச் சக்தி இறங்குகிறது என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். முழங்காலுக்கு வெளிப்புறம், சிறிய எலும்பின் தலையைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்குக் கிட்டப் போகிறது. நெடுநேரம் அமுங்கினால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். 1971-இலேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இப்படி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாம் தந்திரம்:
சரி பிள்ளை, கபாலபாதிக்கு நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அந்தச் சூட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன். :)

கிண்ணியா ராத்தா:
வஜ்ராசனம் எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை, தொழுகையில் இருந்து பழகிய கால்தானே. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் கதவைச் சாத்திவிட்டுச் செய்கிறேன். மந்திரம் ஒன்றும் சொல்வதில்லை, மூச்சை எண்ணுவேன்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன், பெண்களுக்குப் பிரயோசனப்படும் என்பதால் எழுதுகிறேன். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசியும். கலியாண வீட்டில் சிரிக்கவே பயம். மருத்துவ மாது ஒருவர் இடுப்படித் தசையை இறுக்கி விடுகிற பயிற்சியைக் காட்டித்தந்தார். அதை நான் சேதுபந்தாசனத்தோடு சேர்த்துச் செய்தேன். மூலபந்தம் என்று யோகாவில் சொல்வதும் ஏறத்தாழ இதுதானாம். சில மாதத்தில் நன்றாகக் குறைந்தது. வயது போனால் இப்படித்தான் என்று எங்கள் உம்மாமார் சகித்துக்கொண்டே இருந்துவிட்டார்கள், பாவம்.

நிலாவெளி79:
எல்லோரும் விரும்புகிற சவாசனம்தான் எனக்கு ஆகாது. 2004 டிசம்பர் 26-இல் கடல் வந்தபோது எங்கள் வீடு கரையில். யாரை இழந்தேன் என்று இங்கே எழுதவில்லை. வகுப்பு கடற்கரையில் நடந்தது. மற்றவர்கள் கண்ணை மூடி மல்லாந்து கிடப்பார்கள். எனக்கு அலைச் சத்தம் கிட்ட வருவதுபோல் தெரியும், நெஞ்சு அடிக்கும், எழும்பி ஓடச் சொல்லும். "மனதை அடக்கத் தெரியாதவர்" என்று ஒருவர் சொன்னதோடு போவதை விட்டுவிட்டேன்.

பிறகு வேறொரு அக்காவிடம் போனேன். அவர் காரணம் கேட்கவில்லை. அறைக்குள், சுவரோரம், கதவைப் பார்த்தபடி ஒரு பக்கமாகப் படுக்கச் சொன்னார். கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம், வேண்டாம் என்றால் எழும்பி இருக்கலாம். எனக்கு முதலில் பிடித்தது, காலை அகட்டி முன்முழங்காலை மடித்து நிற்கும் வீரபத்திராசனம். பாதத்தை நிலத்தில் அழுத்தி நிற்கும்போது கால் என்னுடையது, நிலம் அசையவில்லை என்று தெரியும். அமெரிக்காவில், நீண்டகால மனவடுவோடு இருந்த 64 பெண்களை வைத்துச் செய்து 2014-இல் வெளியான ஆய்விலும், இப்படித் தெரிவைக் கையில் கொடுத்துச் செய்த யோகா பலன் தந்திருக்கிறது. மனநல கிளினிக்கை நான் விடவில்லை, மருந்தும் நடக்கிறது. இப்போது கண்ணை மூடிச் சில மூச்சுகள் படுக்க முடிகிறது. கடற்கரையில் இன்னும் இல்லை.

உப்புவெளிக்காரன்:
அக்கா, எழுதியதற்கு நன்றி. அவசரமே இல்லை.

கரைவலை:
பிசியோ பிள்ளை, ஒரு கேள்வி. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை நடக்கிறது. விபரீதகரணியைப் பார்த்துத் தானும் செய்ய ஆசைப்படுகிறா. செய்யலாமா?

பிசியோ பிள்ளை:
பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று முதலில் கிளினிக்கில் கேளுங்கோ அண்ணை. சரி என்றால், சுவருக்குப் பதிலாகக் காலைக் கதிரையில் வைக்கட்டும், அது போதும். முடித்ததும் டக்கென்று எழும்பக்கூடாது, மாத்திரை போடுகிறவர்களுக்குத் தலை சுற்றும். ஒரு பக்கம் திரும்பிக் கொஞ்சம் கிடந்து, இருந்து, அதற்குப் பிறகு எழும்பட்டும். முதல் நாள் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கோ.