ஜன்னல் கம்பியில் செடி வளர்க்கலாமா? பாதுகாப்பும் வேண்டும், பச்சையும் வேண்டும்

கீழ்வீடு:

வணக்கம். தரைத்தள வீடு. முன்னால் கூடத்து ஜன்னல், பக்கவாட்டில் இரண்டு படுக்கையறை ஜன்னல்கள், பின்பக்கம் சமையலறை ஜன்னல். எல்லாமே ஸ்லைடிங் கண்ணாடி, கம்பி கிடையாது. எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் பின் ஜன்னல் கண்ணாடியைத் தூக்கிக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே புகுந்திருக்கிறார்கள், அதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதியான தூக்கமில்லை.

கிரில் போடத்தான் வேண்டும், அது முடிவாகிவிட்டது. ஆனால் அம்மா நாள் முழுக்க ஜன்னலோரம் உட்காருபவர், "என்னைக் கூண்டில் வைத்துவிடாதே" என்கிறார். அதனால் ஒரு யோசனை: கிரிலை வெளியே தள்ளிய பெட்டி மாதிரி அடித்து அதற்குள் தொட்டிகள், கம்பியில் பாகல் அவரை மாதிரி ஏதாவது கொடி, கீழே தரையில் முள்செடி. பார்க்க அழகாகவும் இருக்கும், காயும் கிடைக்கும், வருகிறவனுக்கும் தொல்லை. இது நடைமுறைக்கு ஒத்துவருமா? கிரில் எவ்வளவு எடை தாங்கும், எந்த முள்செடி நல்லது, செய்தவர்கள் சொல்லுங்கள்.

இரும்புப்பட்டறை:

ஒத்துவரும், ஆனால் அளவு கொடுக்கும்போதே தொட்டி வரப்போகிறது என்று பட்டறையில் சொல்லிவிடுங்கள். கிரில் என்றால் கம்பி மட்டும்தான் என்று நினைத்து அடித்துக் கொடுத்துவிடுவார்கள், பிறகு அதில் நாம் தொட்டி ஏற்றுவோம்.

எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 செ.மீ. நீளம், 20 அகலம், 20 ஆழம் உள்ள ஒரு தொட்டி 36 லிட்டர் பிடிக்கும். சாதாரணத் தோட்டத்து மண் நனைந்தால் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல், ஆக ஒரே தொட்டி 50 கிலோவைத் தாண்டிவிடும். அந்த எடை சுவரை விட்டுத் தள்ளி நிற்பதால் மேல் பக்கத்து போல்ட்டைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும், பூச்சு மட்டும் பிடித்திருக்கும் போல்ட் என்றால் ஒரு மழைக்காலம் தாங்காது. செங்கல்லுக்குள் ஆழமாகப் போகிற ஆங்கர் போல்ட், தொட்டிக்கு அடியில் சுவரை நோக்கிச் சாய்வாக ஒரு முட்டுக்கம்பி, இந்த இரண்டும் கட்டாயம். மண்ணுக்குப் பதில் தென்னைநார்க் கழிவும் தொழு உரமும் கலந்து நிரப்பினால் எடை நன்றாகக் குறையும்.

அடுத்தது துரு. தொட்டியிலிருந்து சொட்டும் தண்ணீர் கம்பி வழியாக ஓடிக் கம்பி சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் தேங்கும். இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், பருத்து சுவரையே வெடிக்க வைக்கும். பெயிண்ட் அடித்த மேல்பாகம் பளபளவென்று இருக்கும், சுவருக்குள் இருக்கும் பாகம் அரித்துப்போயிருக்கும், உலுக்கினால் கையோடு வந்துவிடும். அப்படி ஒரு கிரில் இருப்பதும் இல்லாததும் ஒன்று. கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய கம்பியாக வாங்குங்கள், வெல்டிங் வைத்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோயிருக்கும், அங்கே துத்தநாக பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். தொட்டித் தண்ணீர் கம்பியில் படாமல் ஒரு குழாய் வழியே வெளியே விழட்டும்.

போல்ட் தலை வெளியே தெரிந்தால் ஸ்பானர் போதும், கழற்றிவிடுவான். மாட்டி முடித்ததும் தலையில் வெல்டிங் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம், குழந்தை தலை நுழையும்.

தோட்டக்காரி:

முள்செடிக்கு என் முதல் தேர்வு களாச்செடி. ஜோடி ஜோடியாக நீளமான முள், நன்றாக அடர்ந்து வளரும், எவ்வளவு வெட்டினாலும் தாங்கும், வறட்சியும் தாங்கும், பூ வெள்ளையாக மணக்கும், காய் ஊறுகாய்க்கு ஆகும். ஒடித்தால் பால் வடியும், கையுறை போட்டு வெட்டுங்கள். அடுத்தது எலுமிச்சை, ஆனால் அது மரமாகப் போக ஆசைப்படும், ஜன்னல் விளிம்புக்குக் கீழேயே நிற்க வைக்க வேண்டுமென்றால் விடாமல் கவாத்து செய்ய வேண்டும். காகிதப்பூவுக்கு நல்ல வெயில் வேண்டும், நிழல் பக்கத்தில் முள்ளும் இலையும்தான் மிஞ்சும், பூ வராது. டிராகன் பழக் கள்ளியை ஒரு தூணில் ஏற்றி ஜன்னலை ஒட்டி நிறுத்தலாம், பழமும் வரும்.

பலர் நினைவில் கொள்ளாத ஒன்று, செடி வளர்ந்து முள் கெட்டிப்பட சில வருடங்கள் ஆகும். நாற்று நட்ட மறுநாள் பாதுகாப்பு வந்துவிடாது, அதுவரை கிரிலும் பூட்டும்தான் துணை. சுவரை ஒட்டியும் நடாதீர்கள், அரை மீட்டராவது தள்ளி நடுங்கள். சுவரில் ஈரம் ஏறாது, வெள்ளையடிக்க ஆள் நிற்க இடமும் இருக்கும்.

கொடியில் அவரை தண்டாலேயே சுற்றி ஏறும், பாகலும் கோவையும் சுருள் கையால் பிடிக்கும். எதுவும் சுவரைத் துளைக்காது, பருவம் முடிந்ததும் அறுத்து எடுத்துவிடலாம். சுவரிலேயே வேர்விட்டு ஒட்டும் கொடிகளை மட்டும் ஜன்னல் பக்கம் விடாதீர்கள்.

செந்தணல்:

மேலே இரண்டு பேரும் சொன்னது நல்ல யோசனைதான், ஆனால் படுக்கையறை ஜன்னலுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தீயணைப்பு வேலையில் இருந்தவன். உள்ளே ஆள் சிக்கிக்கொண்டு, வெளியே நாங்கள் நின்று கம்பியை அறுத்துக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட நிலைமை என்று எனக்குத் தெரியும்.

கூடத்திலோ சமையலறையிலோ தீ பிடித்தால் வாசல் வழி அடைபட்டுவிடும், மிச்சமிருப்பது படுக்கையறை ஜன்னல்தான். அங்கே போடும் கிரிலில் ஒரு பாகமாவது உள்ளிருந்து, சாவியோ கருவியோ இல்லாமல், இருட்டில் கை தடவியே திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். வெளியிலிருந்து கை நுழைத்துத் தாழைத் தொட முடியாதபடி ஒரு தகடு வைத்து மறைத்துவிட்டால் திருடனுக்கும் எட்டாது. அமெரிக்காவில் பின்பற்றும் ஐ.ஆர்.சி. என்ற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பில் தப்பிக்கும் ஜன்னலின் திறப்பு குறைந்தது 20 அங்குல அகலம், 24 அங்குல உயரம் என்று இருக்கிறது, இரண்டும் குறைந்தபட்சமாகவே இருந்தால் போதாது, மொத்தப் பரப்பு தரைத்தளத்தில் 5 சதுர அடியாவது வர வேண்டும். அடிவிளிம்பு உள்தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. உங்கள் ஊர் விதி வேறாக இருக்கலாம், ஆள் நுழைந்து வெளியேற எவ்வளவு வேண்டும் என்பதற்கு இதை ஒரு அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது செடிக்கு வருகிறேன். திறக்கிற கம்பிக் கதவில் கொடி ஏறினால் அந்தக் கொடியே கதவைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடும், பச்சை அவரைத் தண்டு நாலைந்து சுற்று சுற்றினால் பெரியவரால் இழுத்துத் திறக்க முடியாது. அதே கதவில் தொட்டி தொங்கினால் கீல் தொய்ந்து கதவு சட்டத்தில் இடிக்கும். கீழே களாச்செடி அடர்ந்திருந்தால் குதிப்பது எங்கே? உங்கள் அம்மா அந்த அறையில் படுக்கிறார் என்றால் இதை முதலில் யோசியுங்கள். அதனால் ஒவ்வொரு ஜன்னலையும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள். கூடத்துக்கும் சமையலறைக்கும் வேறு வாசல் வழி இருந்தால் அங்கே முள்ளும் கொடியும் தாராளமாக இருக்கட்டும். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே முள் வேண்டாம், ஜல்லி பரப்புங்கள். நடந்தால் சத்தம் கேட்கும், குதித்தால் ஆபத்தில்லை.

இன்னொன்று, செடி ஆளை மறைக்கக் கூடாது. புதர் 3 அடிக்குள், மரத்தின் கிளை 7 அடிக்கு மேல், நடுவே தெருவிலிருந்து பார்வை தடையில்லாமல் வர வேண்டும் என்பது பாதுகாப்பு வடிவமைப்பில் பழைய விதி. ஜன்னலை முழுக்கப் பச்சையாக மூடினால், அதற்குப் பின்னால் ஒருவன் நின்று நிதானமாக வேலை பார்க்க நாமே திரை கட்டிக் கொடுத்தது போலாகும்.

மண்வாசம்:

வீடு எத்தனை வருடத்துப் பழசு? பழைய பெயிண்ட் சுரண்டி விழுந்த இடம் என்றால் ஜன்னலுக்கு அடியிலுள்ள மண்ணில் சாப்பிடும் செடி வைக்க வேண்டாம். முன்பு பெயிண்டிலும் இரும்புக்கு அடிக்கும் சிவப்பு பிரைமரிலும் ஈயம் இருந்தது, அது செதில் செதிலாக உதிர்ந்து மண்ணில் தங்கிவிடும், வருடக்கணக்கில் போகாது. கீரையிலும் கிழங்கிலும்தான் அதிகம் சேரும், இலையில் ஒட்டிய மண் வழியாகவும் போகும், காய் பழத்தில் குறைவு. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை லேசாக விடக் கூடாது. புதுத் தொட்டி, புது மண், அதில் வளர்த்தால் பயமில்லை. பழைய கம்பியை உலர்வாகச் சுரண்டித் தூள் பறக்க விடாதீர்கள், ஈரப்படுத்திச் சுரண்டுங்கள்.

கீழ்வீடு:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. செந்தணல் அண்ணா, கொடி கதவைக் கட்டிவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, அம்மாவிடமும் படித்துக் காட்டினேன். இப்படி முடிவு செய்திருக்கிறேன்: படுக்கையறை இரண்டுக்கும் உள்ளிருந்து திறக்கும் கிரில், கீழே ஜல்லி, செடி எதுவும் கிடையாது. கூடத்து ஜன்னலுக்கு வெளியே தள்ளிய பெட்டி, அதில் தொட்டிகள் (அம்மா உட்காருவது அங்கேதான்). சமையலறைக்குப் பின்னால் களாச்செடி, அங்கே தனிக் கதவு இருக்கிறது. வீடு பழையதுதான், அதனால் காய்கறி எல்லாம் தொட்டியில் மட்டும்.

கிரில் வர இன்னும் நாளாகும். அதுவரை ஸ்லைடிங் கண்ணாடிக்கு என்ன செய்யலாம்? கூடத்துத் தொட்டியில் எதை வைத்தால் அம்மாவுக்கு வெளிச்சம் மறையாது?

இரும்புப்பட்டறை:

கண்ணாடி ஓடும் கீழ் டிராக்கில் அளவாக ஒரு கட்டையோ குழாயோ வெட்டிப் படுக்க வையுங்கள், நகராது. தூக்கிக் கழற்றுவதற்கு மேல் டிராக்கில் இரண்டு திருகாணி, தலை கொஞ்சம் வெளியே நிற்கும்படி முடுக்குங்கள், கண்ணாடி ஓடும், ஆனால் தூக்க இடமிருக்காது. இன்றைக்கே செய்துவிடலாம். படுக்கையறையில் அந்தக் கட்டையை எடுக்க எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அம்மாவும் ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.

தோட்டக்காரி:

குட்டையாக நிற்பவை வையுங்கள்: புதினா, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, விளிம்பில் டேபிள் ரோஸ். கொடி வேண்டுமென்றால் ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு அவரை, நடுவில் விடாதீர்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தண்ணீர் தேங்க விடக் கூடாது, டெங்கு கொசு முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.