மறு: அடிச்சட்டத் துரு: ‘துருப்பிடித்த’, ‘இற்ற’ இரண்டும் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். பழைய வண்டிகளைச் செப்பனிடுவது பற்றிய நம் தமிழ்க் கலைச்சொல் பட்டியலுக்காக வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> துருப்பிடித்த சட்டகம், சட்டகப் பழுதுபார்ப்பு, சட்டக மாற்றீடு ஆகிய மூன்றையும் பட்டியலில் சேர்த்துவிடலாமா?

முதல் சொல்லைத் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். ஆங்கிலத்தில் frame என்பதற்குச் சட்டகமா, அடிச்சட்டமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. வண்டியின் உடலை அடியிலிருந்து சுமப்பதால் அடிச்சட்டம் என்று எழுதுகிறேன். ஆனால் ‘துருப்பிடித்த’ என்ற ஒரே அடைமொழியை எல்லா நிலைக்கும் போட்டால், பழைய சட்டத்தைக் காப்பாற்றுவதா, வேறு சட்டம் தேடுவதா என்று படிப்பவருக்கு விளங்காது.

1968 முதல் 1972 வரை வந்த செவ்ரோலெட் எல் காமினோவைப் பாருங்கள். முன்பாதி கார், பின்பாதி சரக்குத் தட்டு. அதன் அடிச்சட்டத்தின் பக்க விட்டங்கள் நான்கு புறமும் மூடிய பெட்டி வடிவம். மிச்சிகன், ஒகாயோ போன்ற மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். உப்புநீரும் சேறும் விட்டத்தின் துளைகள் வழியே உள்ளே போய்த் தங்கிவிடும். பின் அச்சுக்கு மேலாக விட்டம் வளைந்து ஏறும் இடத்தில் இரும்பு உள்ளிருந்தே அரிக்கப்படும். வெளியே கறுப்புப் பெயின்ட் அப்படியே இருக்கும். சுத்தியலால் தட்டினால்தான் தெரியும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பில் ஓசை மந்தமாக எழும், உள்ளே செதில்கள் பொலபொலவென்று உதிரும். இன்னும் ஓர் அடி விழுந்தால் சுத்தியல் முனையே உள்ளே இறங்கிவிடும்.

இந்த நிலைக்குத் தமிழில் சொல் ஏற்கெனவே இருக்கிறது: இற்றுப்போதல். இற்றுப்போன தகரம், இற்றுப்போன கயிறு என்று நாள்தோறும் சொல்கிறோம். துருப்பிடித்த கத்தியைத் தீட்டிக்கொள்ளலாம், இற்றுப்போன தகரத்தை யாரும் தீட்டுவதில்லை. வண்டிக்கும் இந்தச் சொல் புதிதல்ல. மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் பாரம் மிகுந்தால் ‘அச்சிறும்’, அதாவது அச்சு முறியும், என்கிறது குறள் (475). அங்கே முறிவது பாரத்தால்தானே என்று கேட்பீர்கள். இற்ற சட்டமும் கடைசியில் பாரத்தில்தான் முறிகிறது.

> ‘இற்றல்’ என்று பெயர்ச்சொல் ஆக்கலாமே?

வேண்டாம். கல் கற்றல் ஆகும், நில் நிற்றல் ஆகும், இறு இறுதல்தான் ஆகும். அதையும் இறுத்தலோடு குழப்பிக்கொள்வார்கள். ‘இற்ற சட்டம்’, ‘இற்ற இடம்’ என்று பெயரெச்சமாகவே இருக்கட்டும். உள்ளே இறங்காமல் மேற்பரப்போடு நிற்கும் துருவுக்கு ‘மேல்துரு’ போதும். கம்பித் தூரிகையும் பெயின்டும் அதைப் பார்த்துக்கொள்ளும்.

‘பழுதுபார்ப்பு’ என்பதும் இங்கே மிக அகலமான சொல். இற்ற இடத்தின் மேல் ஒரு தகட்டை வைத்துப் பற்றவைப்பதைப் பழுதுபார்ப்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மெலிந்த இரும்பில் பற்றவைப்பு நிற்காது, அடியில் துரு வளர்ந்துகொண்டே இருக்கும். உறுதியான இரும்பு தென்படும்வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள துண்டைப் பொருத்த வேண்டும். மேலே வலுத் தகடு சேர்த்தால் அதன் முனைகளைச் சாய்வாக வெட்ட வேண்டும். விட்டத்துக்குக் குறுக்கே நேர்க்கோட்டில் பற்றவைத்தால் அந்தக் கோட்டை ஒட்டியே விரிசல் விழக்கூடும். ஆகவே மேலே வைப்பது ‘ஒட்டு’, வெட்டிப் பொருத்துவது ‘துண்டிணைப்பு’. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு கொடுங்கள்.

முழுவதும் மாற்றுவதற்கு ‘அடிச்சட்ட மாற்று’ என்பேன். ‘அடி’யை விட்டுவிட்டால் சட்டத் திருத்தத்தோடு குழம்பும். மாற்றுச் சட்டம் தரும் வண்டியைக் ‘கொடை வண்டி’ எனலாம். எல் காமினோவின் அச்சிடைத் தூரம் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம்) 116 அங்குலம், செவ்ரோலெட்டின் அக்காலத்து நான்கு கதவு ஷெவெல் காருக்கும் அதுவே. இரு கதவு ஷெவெல்லுக்கு 112 என்பதால் அதன் சட்டம் அப்படியே பொருந்தாது.

1960 முதல் 1965 வரை ஃபால்கன் காரை ஒட்டி வந்த, எல் காமினோ போலவே சரக்குத் தட்டுள்ள ஃபோர்டு ரான்செரோவுக்குத் தனி அடிச்சட்டமே கிடையாது, உடலே பாரம் சுமக்கும். அந்த அமைப்புக்கு ‘தன்தாங்கு உடல்’ என்று முன்மொழிகிறேன். இதைவிட நல்ல சொல் வைத்திருப்பவர்கள் இதே இழையில் எழுதுங்கள். ‘இற்ற’ என்பதற்கு மறுப்பு இருந்தால் பட்டியலை இறுதி செய்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.