சுவரில் விழுந்த வளையங்கள்: கேமராவின் தரம், சுருக்கம், செலவு பற்றிய அனுபவங்கள்

ஒளிப்பதிவாளர்:

இரவு அறை. மேசைமேல் ஒரே ஒரு எண்ணெய் விளக்கு. அதன் வெளிச்சம் பின்னால் இருக்கும் வெறும் சுவரில் மஞ்சளாகத் தொடங்கி மெல்ல மெல்ல இருளுக்குள் கரைய வேண்டும். அந்தக் கரைதலுக்காகவே விளக்கை நான்கு முறை இடம் மாற்றி வைத்தேன். தளத்தில் இருந்த சிறிய மானிட்டரில் காட்சி நான் நினைத்தபடியே தெரிந்தது. மூன்று வாரம் கழித்து வண்ணத் திருத்த அறையின் பெரிய திரையில் பார்த்தபோது வெளிச்சம் கரையவே இல்லை. நிலப்படத்தில் மலையைச் சுற்றி வரைந்திருக்கும் உயரக் கோடுகளைப் போல வளையம் வளையமாக நின்றது.

நாங்கள் வாடகைக்கு எடுத்த கேமரா 8 பிட்டில்தான் பதிவு செய்யும். அது தெரிந்தும், ஒளி வீச்சு கூடுதலாகக் கிடைக்குமே என்று லாக் முறையில் (நிழல் முதல் உச்ச வெளிச்சம் வரை நெருக்கி அடக்கும் பதிவு) எடுத்தேன். 8 பிட் என்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள். ஒளி இரண்டு மடங்காவது ஒரு ஸ்டாப். 14 ஸ்டாப் வீச்சை அந்த 256 படிகளுக்குள் பரப்பினால் ஒரு ஸ்டாப்புக்குச் சராசரியாக 18 படிகள்தான் மிஞ்சும். என் சுவரில் இருந்ததோ ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் வேறுபாடு. முப்பத்துச் சொச்சம் படிகளை வைத்துக்கொண்டு ஒரு முழுச் சுவரில் ஒளியைக் கரைக்கப் பார்த்திருக்கிறேன். திருத்தத்தில் கான்ட்ராஸ்டைச் சற்று ஏற்றியதும் ஒவ்வொரு படியும் தனியாகப் பிரிந்து தெரிந்தது. 10 பிட்டாக இருந்திருந்தால் ஒரு ஸ்டாப்புக்கு 73 படிகள் கிடைத்திருக்கும்.

சுவரின் மேல் செயற்கையாகக் குருணை (பொடிப்பொடியான புள்ளிகள்) சேர்த்து வளையங்களை மறைக்க இரண்டு நாள் பிடித்தது. 10 பிட் கேமராவை வேண்டாம் என்று சொல்லி மிச்சம் பிடித்த பணத்தைவிட அந்த இரண்டு நாள் கட்டணம் அதிகம். குருணை போட்ட பிறகும் அந்தச் சுவர் என் சுவராக இல்லை. இதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. எங்கே மிச்சம் பிடித்தீர்கள், அது எங்கே வந்து உங்களைப் பிடித்தது என்று உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். அடுத்த படத்துக்குக் கேமரா முடிவு செய்யும் நேரம் நெருங்கிவிட்டது.

வண்ணத் திருத்துநர்:

உங்களைப் போல வாரத்துக்கு ஒருவராவது என் அறைக்கு வருகிறார். வந்ததும் எல்லாரும் சொல்வது "கம்ப்ரஷன் கெடுத்துவிட்டது", அதாவது கோப்பைச் சிறிதாக்கும் சுருக்கம் கெடுத்துவிட்டது என்பதுதான். பாதிப் பேருக்கு அது உண்மையல்ல. உங்கள் வளையங்கள் பெரும்பாலும் பிட் ஆழத்தின், அதாவது அந்த 256 படிகளின் வேலை. சுருக்கத்தால் வரும் கேடு வேறு விதமாகத் தெரியும். எச்.264 போன்ற கோடெக்குகள் (படத்தைச் சுருக்கி எழுதும் முறைகள்) படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகின்றன. எழுதக் கிடைக்கும் பிட் (தரவு) போதாதபோது நிழல் பகுதிகளில் அந்தக் கட்டங்களே தெரியத் தொடங்கும். அப்படிச் சிறு கட்டங்களாகப் பிரிக்காமல் வேவ்லெட் முறையில் இயங்கும் ஜேபெக் 2000, சினிஃபார்ம், ரெட் நிறுவனத்தின் தொடக்கக் கால ரெட்கோட் ஆகியவற்றில் கட்டம் விழாது; நுண்ணிய விவரம் குழைந்து மிருதுவாகிவிடும். மழித்த கன்னமும் பழைய துணியின் நெசவும் ஒரே வழவழப்பாகத் தெரிந்தால் சுருக்கத்தைச் சந்தேகியுங்கள்.

ஒரு படத்தில் இரண்டு கேமராக்கள் ஓடின. ஒன்றில் 12:1, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிய ரா (சென்சார் தந்ததைப் படமாக்காமல் வைக்கும் கோப்பு), மற்றொன்றில் படமாக்கிச் சுருக்கும் ஆப்பிளின் கோடெக்கான புரோரெஸ் 422 எச்கியூ. எந்த ஷாட் எதிலிருந்து வந்தது என்று இயக்குநரைக் கண்டுபிடிக்கச் சொன்னேன், முடியவில்லை. எனக்கே பல இடங்களில் கோப்பின் பெயரைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு காட்சியில் வேறுபாடு அப்பட்டமாக வெளிப்பட்டது. இரண்டு கேமராவிலும் ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு) தவறுதலாக விளக்கொளிக்கு வைத்துப் பகல் வெளிச்சத்தில் எடுத்துவிட்டார்கள். ராவில் ஓர் எண்ணை மாற்றினேன், தோல் தோலாக வந்துவிட்டது. புரோரெஸ் கோப்பில் நீலத்தை இழுத்து இழுத்துப் பார்த்தும் முகத்தின் நிழல் பக்கம் சாம்பல் பூத்தே இருந்தது. அந்த ஷாட்டுகளைப் பின்பாதியில் கறுப்பு வெள்ளை நினைவுக் காட்சியாக மாற்றிவிட்டார்கள். கதைக்கும் அது பொருந்திப் போனது என்பது தனிக் கதை.

அதனால் "ரா நல்லதா, புரோரெஸ் நல்லதா" என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் தளத்தில் தவறு எவ்வளவு நடக்கும்? விளக்குகளை நிதானமாக அமைத்து, அளந்து எடுப்பவர்களின் 10 பிட் புரோரெஸில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. அர்ரி நிறுவனத்தின் அலெக்சா கேமரா 2010இல் வந்தபோது அதன் சென்சாரில் 16:9 வடிவத்துக்குக் கிடைத்தது 2880×1620 தான். 4கே (சுமார் 4000 பிக்சல் அகலம்) கூட இல்லை. கேமராவுக்குள்ளேயே புரோரெஸில் பதிவு செய்து உலகம் முழுக்கத் திரையரங்குக்குப் படம் எடுத்தார்கள். வெளிச்சம் உச்சத்தில் வெட்டுப்படாமல் வளைந்து இறங்கும் அந்த நயம்தான் கண்ணை ஈர்த்தது, பிக்சல் கணக்கு அல்ல.

தரவுப் பொறுப்பாளர்:

படப்பிடிப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு கார்டுகளோடு உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கேமரா வாடகையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் தயாரிப்புத் தரப்பு, கோப்புகளுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று என்னிடம் கேட்பது பெரும்பாலும் முதல் நாள் காலையில்தான்.

ஒரு முறை சுருக்கமே இல்லாத ரா வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். கணக்கு இதுதான். 4096×2160 சென்சாரில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 12 பிட் என்றால் ஒரு ஃபிரேம் 13 மெகாபைட்டைத் தாண்டும். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஏறக்குறைய 318 மெகாபைட். ஒரு மணி நேரப் பதிவுக்கு 1.15 டெராபைட். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு முப்பது மணி நேரம் எடுப்பார்கள் என்று வைத்தால் 34 டெராபைட். மூன்று பிரதிகள் வேண்டும், ஆக நூறு டெராபைட்டுக்கு மேல். அதே படம் 5:1 சுருக்கத்தில் மூன்று பிரதிகளும் சேர்ந்து 21 டெராபைட்டுக்குள் அடங்கும். 8:1 என்றால் 13.

இடத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், இரவை வாங்க முடியாது. அன்றாடம் மூன்று மணி நேரம் பதிவு செய்தார்கள். எங்களிடம் இருந்தவை சாதாரண வன்தட்டுகள். நொடிக்கு 150 மெகாபைட் எழுதும். ஒரு பிரதி எடுக்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல். எழுதியது சரியாக இருக்கிறதா என்று செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வைத்து மறுபடி படித்துப் பார்க்க இன்னும் அவ்வளவு நேரம். நான்காம் நாள் காலையில் காலி கார்டு இல்லை. "பிரதிதான் எடுத்தாயிற்றே, சரிபார்க்காமல் அழித்துவிடலாம்" என்று ஒருவர் சொன்னார். நான் மறுத்தேன். படப்பிடிப்பு இரண்டு மணி நேரம் தாமதமானது, பலருடைய கோபத்துக்கு ஆளானேன். அன்று மதியம் சரிபார்ப்பு முடிந்தபோது ஒரு வன்தட்டில் பதினொரு கோப்புகள் பாதியில் அறுந்திருந்தன. மூலம் கார்டில் இருந்ததால் பிழைத்தோம்.

ஐந்தாம் நாளிலிருந்து 5:1க்கு மாறினார்கள். முன்னும் பின்னும் எடுத்த காட்சிகள் படத்தில் அடுத்தடுத்து வருகின்றன. இதுவரை யாரும் அந்த இணைப்பைச் சுட்டிக்காட்டியதில்லை.

ஆவணப்பட ஒளிப்பதிவாளர்:

நூறு டெராபைட் என்பதெல்லாம் எங்களுக்கு இல்லை. தோளில் ஒரு கேமரா, பையில் நான்கு கார்டு, பல நாள் காடு. நான் நெடுநாள் பயன்படுத்தியது 4கே படத்தை நொடிக்கு 100 மெகாபிட்டில் எழுதும் சிறிய கேமரா. நொடிக்கு 25 ஃபிரேம் என்று பிரித்துப் பார்த்தால் ஒரு ஃபிரேமுக்கு 4 மெகாபிட், அதாவது அரை மெகாபைட். சுருக்காத 8 பிட் 4:2:0 (வண்ணத் தகவலைக் கால் பங்காகக் குறைத்த) படம் 12 மெகாபைட்டுக்கு மேல் இருக்கும் என்பதால் இது சுமார் 25:1 சுருக்கம். அதுவும் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக எழுதாது. சில ஃபிரேம்களை மட்டும் முழுதாக எழுதி, நடுவில் வருபவற்றுக்கு மாற்றங்களை மட்டும் குறித்துக்கொள்ளும். அசையாமல் ஒருவர் உட்கார்ந்து பேசினால் இது அற்புதமாக வேலை செய்யும். காற்றில் ஆயிரம் இலைகள் ஆடும்போது மாற்றம் இல்லாத இடமே கிடையாதே!

மழை நாளில் அதைக் கற்றுக்கொண்டேன். துளிகள் முத்து முத்தாகத் தெரிய வேண்டும் என்று ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு ஏற்றினேன். ஒவ்வொரு ஃபிரேமிலும் நூற்றுக்கணக்கான கூர்மையான புள்ளிகள், ஒவ்வொன்றும் புது இடத்தில். அவற்றை எழுதவே பிட்டெல்லாம் தீர்ந்து, பின்னால் இருந்த மரங்கள் பச்சைச் சாந்தாகக் குழைந்துவிட்டன. மறுநாளும் மழை. ஷட்டரை 1/50க்கு இறக்கி எடுத்தேன். துளிகள் கோடுகளாக இழுபட்டன, மரங்கள் மரங்களாகவே நின்றன. மோஷன் பிளர் என்னும் இந்த இழுபடல் அழகியல் மட்டுமல்ல, குறைந்த பிட்ரேட்டுக்கு (நொடிக்கு எழுதும் பிட் அளவு) செய்யும் உதவியும்கூட என்று அன்றுதான் புரிந்தது.

இரைச்சலும் அப்படித்தான். குறைந்த வெளிச்சத்தில் எடுத்தால் சென்சாரின் இரைச்சல் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறிக்கொண்டே இருக்கும். கோடெக்குக்கு அது இரைச்சல் என்று தெரியாது. முகத்துக்குப் போக வேண்டிய பிட்டை அதற்குக் கொடுத்துவிடும். சிறிய கேமராவோடு போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: கூடுதல் பிட்ரேட்டுக்குச் செலவழிக்கும் முன் ஒரு நல்ல சிறிய விளக்குக்குச் செலவழியுங்கள்.

வாடகைக் கேமராக்களைப் பராமரிப்பவர்:

என்னிடம் வருபவர்கள் கேட்கும் கேள்வி: "இவ்வளவு நல்ல சென்சார் இருக்கிறது, ஏன் கேமராவுக்குள்ளேயே சுருக்கிய ரா இல்லை?" தொழில்நுட்பத்தோடு காப்புரிமையும் இதற்குக் காரணம். 2007இல் ரெட் ஒன் கேமராவை வெளியிட்ட ரெட் நிறுவனம், சுருக்கிய ராவைக் கேமராவுக்குள் பதிவு செய்யும் முறைக்குக் காப்புரிமை வைத்திருந்தது. ஆப்பிள் 2019இல் அதை எதிர்த்தும் பலிக்கவில்லை. ரெட் நிறுவனத்தையே 2024இல் நிக்கான் வாங்கிவிட்டது. இதற்கு நடுவே பிளாக்மேஜிக் நிறுவனம் 2018இல் வேறு வழியில் போனது: ராவைப் படமாக்கும் வேலையில் ஒரு பகுதியைக் கேமராவே முடித்துவிட்டு, மிச்சத்தைக் கணினிக்கு விடும் கோப்பு வகை அது. புரோரெஸ் ராவும் அதே ஆண்டு வந்தது; அதற்குப் பெரும்பாலும் வெளியே ஒரு ரெக்கார்டரை மாட்ட வேண்டியிருந்தது.

வெளி ரெக்கார்டர் மலிவான வழியாகத் தோன்றும். ஒரு குழு அப்படி எடுத்துப் போனார்கள். ஓடிக்கொண்டே எடுத்த ஒரு நீண்ட டேக்கில், எச்டிஎம்ஐ கேபிள் நூலளவு தளர்ந்து பதிவு நின்றுபோனது. நடிகர் அழுத அழுகை எந்தக் கோப்பிலும் இல்லை. திரும்பி வந்து அந்தக் கேபிளை என் கையில் வைத்தபோது அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. இப்போது பூட்டிக்கொள்ளும் கிளாம்ப் இல்லாமல் எந்த ரெக்கார்டரையும் நான் வெளியே கொடுப்பதில்லை.

வரைகலைக் கலைஞர்:

பச்சைத் திரைக் காட்சி (பின்னணியைப் பிறகு மாற்றுவதற்காகப் பச்சைத் திரைமுன் எடுப்பது) இருந்தால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: வண்ணத் தகவல் எவ்வளவு? 4:2:0 என்றால் உங்கள் 3840×2160 படத்தில் வண்ணம் 1920×1080 தான். வெளிச்சத் தகவல் கூர்மையாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. நானோ வண்ணத்தை வைத்துத்தான் முடியைத் திரையிலிருந்து பிரிக்கிறேன். ஒரு சுருட்டை முடி நடிகையை அப்படிப்பட்ட கோப்பிலிருந்து பிரிக்க, ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் ஓரம் வரைந்தோம். எட்டு நொடி ஷாட், ஒன்பது நாள். படம் முழுவதையும் விலை உயர்ந்த கேமராவில் எடுக்கச் சொல்லவில்லை. அந்த ஒரு நாளுக்கு மட்டும் ராவோ, வண்ணத் தகவலைக் குறைக்காத புரோரெஸ் 4444ஓ கொடுத்திருந்தால் போதும்.

திரைப்பட மாணவர்:

எனக்கு ஒரு குழப்பம். திரையரங்குக்குப் போகும் டிசிபி (டிஜிட்டல் சினிமா பேக்கேஜ்) கோப்பும் ஜேபெக் 2000இல் சுருக்கியதுதானே? டிசிஐ (ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் டிஜிட்டல் சினிமா அமைப்பு) விதிப்படி உச்சவரம்பு நொடிக்கு 250 மெகாபிட் என்று படித்தேன். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 1.3 மெகாபைட். பார்வையாளர் பார்ப்பதே அவ்வளவு என்றால், எடுக்கும்போது மட்டும் ஏன் அதைவிடப் பல மடங்கு?

வண்ணத் திருத்துநர்:

அந்த 1.3 மெகாபைட் ஒரு முடிந்த படத்துக்கு. 12 பிட்டில், எல்லாத் திருத்தமும் செய்து, இனி யாரும் தொடமாட்டார்கள் என்ற நிலையில் சுருக்குகிறார்கள். என்னிடம் வரும் கோப்பு அப்படியல்ல. நிழலை இரண்டு ஸ்டாப் தூக்குவேன், வானத்தை மட்டும் பிரித்து இருட்டாக்குவேன். கோடெக் "இது கண்ணுக்குத் தெரியாது" என்று நம்பித் தூக்கி எறிந்ததைத்தான் நான் மேலே இழுக்கிறேன். திருத்தமே செய்யப் போவதில்லை என்றால் உங்கள் கேள்வி முழுக்க நியாயமானது.

ஒளிப்பதிவாளர்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இதையெல்லாம் படித்த பிறகு, கேமராவை முடிவு செய்வதற்கு முன் ஒரு நாளைச் சோதனைக்கே ஒதுக்கினேன். அதே எண்ணெய் விளக்கு, அதேபோன்ற வெறும் சுவர். 12 பிட் ராவில் 3:1, 5:1, 8:1, 12:1 என்று நான்கு முறை எடுத்தேன். பிறகு சன்னல் ஓரத்தில் ஒரு முகம், காற்றில் ஆடும் ஒரு மரம். எல்லாவற்றையும் திருத்தி, டிசிபியாக்கி, திரையில் போட்டுப் பார்த்தோம். எது எந்தச் சுருக்கம் என்பதைத் தரவுப் பொறுப்பில் இருந்தவர் மட்டுமே அறிவார்.

நான்கிலும் சுவரில் வளையம் இல்லை. 12:1இல் விளக்கின் விளிம்புக்கு அப்பால், இருட்டில், சுவரின் சொரசொரப்பு செத்துப்போயிருந்தது. 8:1இல் இருந்தது. முகத்தில் எங்கள் யாருக்கும் வேறுபாடு தெரியவில்லை. மரத்தில் 12:1ஐ இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள். இரவுக் காட்சிகளை 5:1இலும் பகலை 8:1இலும் எடுப்பது என்று முடிவு செய்தோம். பச்சைத் திரை ஒரு நாள்தான், அன்றைக்கு 3:1. சேமிப்புக்கும் சரிபார்ப்புக்கும் ஆகும் நேரத்தைக் கால அட்டவணையிலேயே எழுதிவிட்டோம். தயாரிப்பாளர் முதலில் முகம் சுளித்தார். பழைய சுவரின் இரண்டு நாள் கட்டணச் சீட்டை எடுத்துக் காட்டினேன், கையெழுத்துப் போட்டார்.

தரவுப் பொறுப்பாளர்:

அந்தச் சோதனைக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். படப்பிடிப்பு நடுவில் யாராவது "கார்டு போதவில்லை, இன்றிரவு மட்டும் 12:1 போடலாமா" என்று கேட்பார்கள். அப்போது அந்தச் சுவரைப் போட்டுக் காட்டுங்கள்.