உப்பளத்தை ஒட்டி காஸ்டிக் சோடா ஆலை: அறிக்கையில் எதைப் பார்ப்பது?

கேள்வி – சாயல்குடியான்
கீழக்கரைக்கும் வேம்பாருக்கும் நடுவே கடலோரத்தில் காஸ்டிக் சோடா ஆலை வரப்போவதாகப் பேச்சு. "பாதரசம் கிடையாது, மெம்பரேன் முறைதான், பயப்படாதீங்க" என்கிறார்கள். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் எந்தப் பக்கத்தைத் திருப்ப வேண்டும்?

பதில் – வாடைக்காற்று
பாதரசம் இல்லை என்பது உண்மைதான், மெம்பரேன் முறையில் அதற்குப் பதில் ஒரு சவ்வுதான். ஆனால் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி எந்த முறையில் செய்தாலும் 1 டன் காஸ்டிக்குடன் ஏறத்தாழ 885 கிலோ குளோரின் என்ற நச்சு வாயு வந்தே தீரும். அதனால் முதலில் சேமிப்புப் பட்டியலைப் பாருங்கள். குளோரினை அடைத்து வைக்கும் பெரிய சிலிண்டரை டன்னர் என்பார்கள், ஒன்றில் 900 கிலோ இருக்கும். 1989 அபாய ரசாயன விதிகளில் குளோரினுக்கு வரம்பு 10 டன், அதாவது 12 டன்னர் நிறைந்தாலே தாண்டிவிடும். தாண்டினால் ஆலைக்குள் ஒரு அவசரத் திட்டம், ஊருக்கு மாவட்ட நிர்வாகம் போடும் இன்னொரு திட்டம், இரண்டும் கட்டாயம். 25 டன் என்றால் பாதுகாப்பு அறிக்கையும் வேண்டும். "அன்றன்றைக்கே விற்றுவிடுவோம்" என்பார்கள். நாலு நாள் லாரி வராவிட்டால் எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது கரண்ட். மின்சாரம் போனால் கம்ப்ரசர் நின்று, குழாயில் இருக்கும் குளோரின் வெளியேற வழி தேடும். அதைக் காஸ்டிக் கரைசலில் கரைத்துப் பிடிக்கும் ஸ்க்ரப்பரின் பம்ப் ஜெனரேட்டரில் ஓடுகிறதா, மாற்று பம்ப் உண்டா, தொட்டியில் இருக்கும் காஸ்டிக் எத்தனை நிமிடம் தாங்கும்? காஸ்டிக் தீர்ந்த ஸ்க்ரப்பர் இருந்தும் பயனில்லை. இந்த மூன்றுக்கும் எண்ணில் பதில் வாங்காமல் விடாதீர்கள்.

பதில் – பாக் நீரிணை
காற்று வரைபடத்தையும் பாருங்க. அறிக்கைக்கு மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவத் தரவு போதும் என்பதால் பெரும்பாலும் மார்ச்–மே எடுப்பார்கள். வாடை வீசும் மாதங்களில் ஆலைக்குத் தென்மேற்கே உள்ள குடியிருப்புதான் முதலில் மாட்டும், அது அந்தப் படத்தில் தெரியாது. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். காற்று அடங்கிய இரவில் தரையோடு தரையாகப் பரவும். கசிவுக் கணக்கை அப்படி மெதுவான, நொடிக்கு 1.5 மீட்டர் காற்றில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

டன்னர் ஒழுகினால் ஒழுகும் வாய் மேலே வரும்படி உருட்டணும், அப்போது திரவம் கொட்டாமல் வாயு மட்டும் வரும். ஓட்டையில் தண்ணீர் அடிக்கவே கூடாது, அமிலமாகி ஓட்டை பெரிதாகும்.

பதில் – உப்புக்காடு
நம் உப்பில் கால்சியம், மக்னீசியம், சல்பேட் எல்லாம் உண்டு. மின்சாரம் பாய்ச்சும் முன் அவற்றை நீக்கினால் சேறு சேரும். சல்பேட்டுக்கு பேரியம் போட்டால் சேற்றிலும் பேரியம் வரும். அதை எங்கே கொட்டுவார்கள், அடியில் கசிவைத் தடுக்கும் லைனர் விரிப்பு உண்டா? கழித்துவிடும் உப்புநீரில் குளோரேட் இருக்கும். கடலில் விடும் குழாய் முடியும் இடத்திலிருந்து வாளை, முள்ளி, அப்பா தீவுகள் எவ்வளவு தூரம்? மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அவையும் சேர்த்தி.

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக்கேட்புக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், சுருக்க அறிக்கை தமிழில் தரணும். மேடையில் பேசுவதோடு நிறுத்தாமல், அறிக்கையின் பக்க எண்ணைப் போட்டு எழுத்திலும் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்க மறக்க வேண்டாம்.