மருந்துக்கடை கிளினிக்: குழந்தையின் தொண்டை வலிக்குப் போகலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறோம். 6 வயதுப் பையனுக்குத் தொண்டை வலி, 101 டிகிரி காய்ச்சல். குழந்தை டாக்டரிடம் வியாழன் வரை அப்பாயின்ட்மென்ட் இல்லை. மருந்துக்கடைக்குள் இருக்கும் வாக்-இன் கிளினிக் போதுமா?

பதில்: போதும்ங்க. அங்கே பார்ப்பவர் பெரும்பாலும் நர்ஸ் பிராக்டிஷனர் (கூடுதல் படிப்பு முடித்த நர்ஸ்), மருந்துச்சீட்டும் எழுதுவார். தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு ஸ்ட்ரெப் (தொண்டை வலி தரும் ஒரு பாக்டீரியா) டெஸ்ட் எடுப்பாங்க, சுமார் 10 நிமிடத்தில் முடிவு தெரியும். நெகட்டிவ் என்று வந்ததும் கிளம்பிடாதீங்க. இந்த அவசரப் பரிசோதனை சில சமயம் கிருமியைக் கோட்டை விடும். குழந்தைகளுக்குக் கல்ச்சரும் (லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) அனுப்பச் சொல்லுங்க, அதற்கு ஓரிரு நாள் ஆகும். பாசிட்டிவ் என்றால் வழக்கமாக அமாக்ஸிசிலின் (பென்சிலின் வகை ஆன்டிபயாடிக்) 10 நாள். நடுவில் வலி போனாலும் நிறுத்தக் கூடாது. இருமலும் மூக்கொழுகலும் சேர்ந்திருந்தால் அநேகமாக வைரஸ்தான். ஆன்டிபயாடிக் கேட்டு மல்லுக்கட்டாதீங்க.

பதில்: இன்சூரன்ஸ் அந்தக் கிளினிக்கை ஏற்கிறதா என்று முதலில் பாருங்க. பையனின் எடை, பென்சிலின் அலர்ஜி உண்டா என்பதும் கேட்பாங்க.

பதில்: எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ, வாய் திறக்க வராவிட்டாலோ, மூச்சு விடத் திணறினாலோ கிளினிக்கே வேண்டாம். நேரே எமர்ஜென்சி.